எழுபத்தெட்டு ஓவியம், ஒரு கட்டு: குமரி மாவட்டத்தில் டாரோ சீட்டு சேர்ப்பவர்களுக்கு

1909-இல் லண்டனில் அச்சான டாரோ என்ற படச்சீட்டுக் கட்டில் ‘வாள் ஆறு’ என்றொரு சீட்டு உண்டு. ஒருவர் கழுக்கோல் ஊன்றிப் படகைத் தள்ளுகிறார். அவருக்கு முன்னால் முக்காடிட்ட பெண்ணும் குழந்தையும் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். படகின் முன்பக்கம் ஆறு வாள்கள் செங்குத்தாக நிற்கின்றன. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் தண்ணீர் கண்ணில் படும்: படகுக்கு இந்தப் பக்கம் நீர் அலையலையாகக் கோடு போட்டிருக்கிறது, அந்தப் பக்கம் ஒரு கோடும் இல்லாமல் தெளிந்து கிடக்கிறது. துயரத்தை விட்டு விலகிப் போகிற ஒரு பயணம் முழுவதையும் 70 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரத்துக்குள் சொல்லிவிட்டார் ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித். சீட்டின் கீழ்ப்பகுதியில் பாம்பு நெளிவது போன்ற சின்ன முத்திரை தெரியும். அது அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

டாரோ கட்டுகளை ஓவியத்துக்காகச் சேர்ப்பவர்கள் தேடுவது இந்த மாதிரி சீட்டுகளைத்தான். எதை வாங்குவது, அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது, கடல்காற்றும் இரண்டு மழைக்காலமும் உள்ள குமரி மாவட்டத்தில் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறோம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் இங்கே அதிக இடம். சென்னையிலோ பெங்களூருவிலோ அலமாரியில் போட்டு மறந்துவிடலாம். குளச்சலில் அப்படி விட்டால் ஒரே ஆடியில் சீட்டு வளைந்துவிடும்.

கட்டின் அமைப்பு

முழுக் கட்டில் 78 சீட்டு. அதில் 22 ‘மேஜர் ஆர்க்கானா’: முட்டாள், மந்திரவாதி, துறவி, நிலா, சூரியன் என்று தனித்தனிப் பெயர் கொண்டவை. மற்ற 56 ‘மைனர் ஆர்க்கானா’: கோப்பை, கோல், வாள், காசு என நான்கு இனம், இனத்துக்கு 14. ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டு, பிறகு ஏவலர், குதிரைவீரர், ராணி, ராஜா.

வீட்டில் சீட்டுக்கட்டு என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். குறி சொல்லும் சமாச்சாரம் என்று எந்த மதத்து வீட்டிலும் ஒரே மாதிரிதான் தயங்குவார்கள். அவர்களிடம் சொல்லக்கூடிய உண்மை ஒன்று உண்டு. டாரோ 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. குறி பார்க்கும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பிரான்சில் இன்றைக்கும் அதை வைத்து ஆட்டம் ஆடுகிறார்கள்.

முதல் ஐந்து கட்டு

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் இரண்டே வருஷத்தில் ஒரே சாயலில் இருபது கட்டு சேர்ந்துவிடும். இப்போது வெளிவரும் கட்டுகளில் மிகப் பல, ஸ்மித் வரைந்த காட்சிகளையே வேறு நிறத்தில் திரும்ப வரைந்தவை. ஆகையால் முதலில் மூலங்களை வாங்குங்கள். அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிறகு வருவதில் எது புதிது, எது நகல் என்று தானே தெரியும்.

‘ரைடர்-வெயிட்’ என்ற பெயரில் அறியப்படும் ஸ்மித்தின் 1909 கட்டு முதலாவது. பழைய பதிப்பின் மங்கலான நிறத்திலேயே திரும்ப அச்சிட்ட நூற்றாண்டுப் பதிப்பைத் தேடுங்கள். பளீர் மஞ்சளும் பளீர் நீலமுமாக வரும் பதிப்பில் கோட்டின் நயம் அடிபட்டுப்போகிறது. நிலா சீட்டில் குளத்திலிருந்து ஏறி வரும் பிராணியைச் சிங்கிறால் பிடிக்கிற ஊர்க்காரர் யாரும் கவனிக்காமல் தாண்ட மாட்டார்.

இரண்டாவது, மார்செய் வகை. மர அச்சில் கோடு, அதன்மேல் வார்ப்புருத் தகடு வைத்துத் தடவிய சிவப்பு, நீலம், மஞ்சள். பாரிஸில் ஜான் நொப்லே 1650 வாக்கில் செய்ததும், மார்செய் நகரில் நிக்கோலா கோன்வெர் 1760-இல் செய்ததும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். அது அச்சுப்பிழை அல்ல, தகடு வைத்துத் தடவிய கையின் தடம்.

மூன்றாவது, மிலான் அரசகுடும்பத்துக்காக 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் கையால் தீட்டிய விஸ்கொந்தி-ஸ்போர்ஸா கட்டின் நகல். மூலத்தில் 74 சீட்டு மிஞ்சியிருக்கிறது: 35 நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில், 26 பெர்கமோவின் அக்காதெமியா கர்ராராவில், 13 ஒரு இத்தாலியக் குடும்பத்திடம். சாத்தான், கோபுரம், வாள் மூன்று, காசு குதிரைவீரர் ஆகிய நான்கும் காணாமல் போய்விட்டன. நகல் கட்டில் இந்த நான்கும் இக்காலத்தவர் வரைந்ததாக இருக்கும். தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் கை மாறியது தெரியும். மூலச் சீட்டு ஏறக்குறைய 173 மி.மீ. உயரம், 87 மி.மீ. அகலம். எண் சீட்டு தவிர மற்றவற்றில் பின்னணி முழுக்கத் தங்கத் தகடு, அதில் உளி முனையால் குத்திய பூவேலை. தஞ்சாவூர் ஓவியம் பார்த்த கண்ணுக்கு அந்தத் தங்கம் அந்நியமாக இருக்காது. சின்ன அளவில் மஞ்சள் மையால் அச்சடித்த நகலை வாங்க வேண்டாம். இந்தக் கட்டின் அழகில் பாதி அந்தத் தங்கம்தான்.

நான்காவது, தோத் கட்டு. லேடி ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை நீர்வண்ணத்தில் வரைந்தவை. கட்டாக வெளிவந்தது 1969-இல்தான். பின்னலும் வளைவுமாகப் போகும் அந்தக் கோடுகளுக்குப் பெரிய அளவுப் பதிப்பே பொருத்தம்.

ஐந்தாவதை நம் காலத்து ஓவியர் ஒருவருடையதாக வாங்குங்கள். ஸ்டெபானி லா வரைந்து 2010-இல் வந்த ‘ஷேடோஸ்கேப்ஸ்’ நல்ல உதாரணம். நீர்வண்ணத்தில் நரம்பு நரம்பாக வேலை செய்திருக்கிறார். ஆனால் 70 மி.மீ. அகலத்துக்குச் சுருங்கும்போது பல நுணுக்கங்கள் கண்ணுக்கு எட்டாமல் போகின்றன. வாங்கும் எல்லாக் கட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி இது: ஓவியர் எந்த அளவில் வரைந்தார், அது எந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது?

வாங்குவதற்கு முன் காசில்லாமல் பார்க்கவும் வழி உண்டு. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் ‘காலிக்கா’ தளத்தில் பழைய பிரெஞ்சுக் கட்டுகளும், யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத் தளத்தில் விஸ்கொந்தி குடும்பத்தின் இன்னொரு கட்டும் பெரிய படமாகவே கிடைக்கின்றன.

ஓவியத்தை எடைபோடுவது

விற்பவர் காட்டுவது எப்போதும் மேஜர் சீட்டில் நாலைந்துதான்: நட்சத்திரம், நிலா, காதலர், மரணம். அவற்றை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவற்றுக்குத்தான் எந்த ஓவியரும் முழு மூச்சைக் கொடுத்திருப்பார். ஒரு கட்டின் தரம் மைனர் சீட்டில் தெரியும். ‘காசு ஏழு’, ‘கோல் நான்கு’, ‘கோப்பை எட்டு’ இந்த மூன்றின் படத்தைக் கேளுங்கள். அவற்றிலும் ஒரு காட்சி, ஒரு ஆள், ஒரு பொழுது இருந்தால் நம்பி வாங்கலாம். வெறுமே ஏழு வட்டத்தை அடுக்கி, பின்னால் ஒரே மேகத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தால், 22-க்கு மட்டும் உழைத்திருக்கிறார் என்று அர்த்தம். மார்செய் வகைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே எண் சீட்டில் உருவம் இருப்பதில்லை. கொடியும் இலையும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்று பாருங்கள்.

இன்னொரு சோதனை. ஏவலர் நால்வரையும் அடுத்தடுத்து வையுங்கள். நால்வருக்கும் ஒரே முகம், உடுப்பு மட்டும் வேறு என்றால் கை ஓய்ந்த கட்டு. விரல்களையும் எண்ணிப் பாருங்கள். கணினி தானாக உருவாக்கிய படங்களை வைத்து அச்சடித்த கட்டுகள் இப்போது நிறைய வருகின்றன. வாளின் கைப்பிடி விரலோடு கலந்திருக்கும், கோப்பை பத்து என்று போட்டுவிட்டு ஒன்பதோ பதினொன்றோ இருக்கும், நகையின் சங்கிலி எங்கோ தொடங்கி எங்கும் முடியாது. ஓவியரின் பெயரே பெட்டியில் இல்லாத கட்டை வாங்காதீர்கள்.

அசலா, போலியா

ஸ்மித்தின் ஓவியங்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அவர் இறந்தது 1951-இல். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டு கழித்து உரிமை முடிகிறது. ஆகவே அந்தக் கட்டின் மலிவுப் பதிப்பு சட்டவிரோதம் அல்ல, அச்சுத் தரம்தான் கேள்வி. உயிரோடு இருக்கும் ஓவியரின் கட்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அது திருட்டு அச்சு என்றே எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு அதில் ஒரு பைசாவும் போவதில்லை.

கையில் வாங்கிப் பார்க்கும்போது கடிகாரக் கடைக்காரர் கண்ணில் செருகும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். படத்தை விட்டுவிட்டுச் சீட்டின் பெயர் அச்சான எழுத்தைப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்து ஒரே மையில், ஓரம் கத்தரித்தாற்போல் நிற்கும். அச்சான சீட்டை ஸ்கேன் செய்து திரும்ப அச்சடித்ததில் எழுத்தே நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறி ஓரம் மங்கியிருக்கும். படத்தில் புள்ளி தெரிவது இரண்டிலும் சகஜம், அதை வைத்து ஏமாற வேண்டாம். எழுத்தையும் ஓவியர் கையாலேயே எழுதியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை பயன்படாது.

அடுத்தது எடை. 70-க்கு 120 மி.மீ. அளவில் 78 சீட்டைச் சேர்த்தால் பரப்பு ஏறத்தாழ 0.655 சதுர மீட்டர். சமையலறைத் தராசில் சீட்டை மட்டும் வையுங்கள். ஏறத்தாழ 197 கிராம் என்றால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள், 229 கிராம் என்றால் 350, 262 கிராம் என்றால் 400. பதிப்பாளர் 350 என்று போட்டிருக்க, தராசு 180 காட்டினால் சந்தேகப்படலாம். கைக்குப் பழக வேண்டுமென்றால் நாகர்கோவிலில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அச்சகத்தில் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டின் வெட்டுத்துண்டு ஒன்று கேளுங்கள், சும்மாவே தருவார்கள். அதை விரலில் வளைத்துப் பழகினால் தராசு இல்லாமலே பிடிபடும்.

மற்ற அடையாளங்கள்: விளக்கப் புத்தகத்துக்குப் பதிலாகக் கியூஆர் கோடு மட்டும் இருப்பது, அசலைவிட அரை அங்குலம் சின்னதாக இருப்பது, பெட்டியில் பதிப்பாளர் முகவரியும் ஐஎஸ்பிஎன் எண்ணும் இல்லாதது. சின்ன ஓவியர்கள் தாங்களே வெளியிடும் கட்டிலும் ஐஎஸ்பிஎன் இல்லாமல் இருக்கலாம். அப்போது ஓவியரின் சொந்தத் தளத்தில் அளவையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரவழைப்பது

இந்தியப் புத்தகக் கடைகள் வழியாகப் பெரிய பதிப்பகங்களின் கட்டுகள் கிடைக்கின்றன. ஓவியர்கள் நேரடியாக விற்பவற்றை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொன்னால் சுங்கவரி இல்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 5,000 ரூபாய்க்கு உட்பட்ட பரிசுப் பொருளுக்கு இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. விலையை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள், ரசீதைப் பொட்டலத்தின் வெளியே ஒட்டச் சொல்லுங்கள். தபாலில் வந்தால் பொட்டலத்தைக் கொடுக்கும்போதே தபால்காரர் வரியை வாங்கிக்கொள்வார். எனவே கட்டின் விலையையும் தபால் செலவையும் மட்டும் கணக்கிட்டுக் கையைக் கடித்துக்கொள்ள வேண்டாம். வரிக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

மாதத்தைப் பார்த்து ஆர்டர் போடுவது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை நம் பக்கம் காற்றில் ஈரம் குறைவு. அந்த மாதங்களில் வந்து சேரும்படி நவம்பர், டிசம்பரில் அனுப்பச் சொல்லலாம். ஜூனில்தான் வரும் என்றால் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, அதன்மேல் குமிழ்த்தாள், அதன்மேல் அட்டைப்பெட்டி என்று அனுப்பச் சொல்லி எழுதுங்கள். வீட்டு கேட்டில் தொங்கவிட்டுப் போகிற பழக்கம் உள்ள இடமானால் வேலை பார்க்கும் இடத்து முகவரியைக் கொடுங்கள். மழையில் அரைமணி தொங்கினால் போதும், பெட்டியின் மூலை ஊறி விரியும்.

பிரிக்கும்போது

மழைக்காலத்தில் வந்த பொட்டலத்தை உடனே பிரிக்காமல் ஒரு நாள் அறையிலேயே வையுங்கள். பிறகு உலர்ந்த பருத்தித் துண்டை விரித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். தேங்காய் எண்ணெயோ நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெயோ பட்டால் பூச்சில்லாத தாளில் கண்ணாடி மாதிரி தடம் விழும். அது போகவே போகாது.

சீட்டை இனம் பிரித்து எண்ணுங்கள்: 22, பிறகு 14, 14, 14, 14. ஒன்று இரட்டையாக இருந்தால் இன்னொன்று குறைகிறது என்று பொருள். இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள், 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெட்டு தவறியிருக்கிறது. பிரிப்பதை முழுக்க வீடியோ எடுத்து வைத்தால் மாற்றிக் கேட்கும்போது பேச்சு வராது. ஓரத்தில் தங்கப் பூச்சு உள்ள கட்டு புதிதில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மொத்தமாக வளைத்து உடைக்காமல் ஒவ்வொன்றாக மேலிருந்து நகர்த்திப் பிரியுங்கள், இல்லையென்றால் பூச்சு செதில் செதிலாக உதிரும்.

காற்று, உப்பு, பூச்சி

தாள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பும், வெயிலில் விட்டுச் சுருங்கும். சீட்டின் இரண்டு பக்கப் பூச்சும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் ஒரு பக்கம் அதிகமாக உப்பி வளைகிறது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். நமக்கு வேண்டியது 45 முதல் 55.

மாவட்டம் முழுக்க ஒரே காற்று அல்ல. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோரத்தில் உப்புத் துகள் சீட்டின் மேல் படிந்து, அந்த உப்பே ஈரத்தை இழுக்கும். தொட்டால் பிசுபிசுப்பது அதனால்தான். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு இல்லை, ஆனால் ரப்பர் தோட்டத்து ஈரத்தில் பூஞ்சை வேகமாக வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பரவாயில்லை, தூசிதான் தொல்லை. கடலோரத்தில் மூடி இறுகிய பெட்டி கட்டாயம். ஆரல்வாய்மொழியில் அதே பெட்டி தூசிக்காக.

ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் பெட்டி 10 லிட்டர் அளவில் வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு கட்டு பிடிக்கும். உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், ஆரஞ்சிலிருந்து பச்சையாக நிறம் மாறும் வகை. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நச்சு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். ஜெல்லைத் துணிப்பையில் கட்டி ஓரத்தில் வையுங்கள், சீட்டின் மேல் நேரே படக் கூடாது. முதல் வாரம் ஜெல் இரண்டு மூன்று நாளிலேயே நிறம் மாறிவிடும். பெட்டி ஒழுகுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு கட்டு என்றால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் தாள். அதற்குள் ஏற்கெனவே இருக்கிற ஈரத்தைத்தான் ஜெல் குடிக்கிறது. இரண்டு மூன்று முறை ஜெல்லைக் காயவைத்துத் திரும்ப வைத்தால் நிலைப்படும், பிறகு மாதங்களுக்குத் தாங்கும். காயவைக்க ஓவனில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ், இரண்டு மணி நேரம். தோசைக்கல்லில் வறுத்தால் சூடு எல்லை மீறி நிறம் காட்டும் தன்மை போய்விடும். அரிசியைத் துணியில் கட்டி வைக்கும் யோசனையைக் கேட்காதீர்கள். அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை, வண்டைத்தான் அழைத்து வரும்.

பெட்டிக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி வேண்டும். அது சொல்வது சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாட்டில் மூடியில் கல்லுப்பை நுணுக்கிப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் சொட்டுங்கள், உப்பு கரைந்துவிடக் கூடாது. ஈரமானியோடு சேர்த்து ஜிப் பைக்குள் போட்டு மூடி ஒரு ராத்திரி வையுங்கள். பையினுள் ஈரப்பதம் 75-இல் வந்து நிற்கும், உப்பின் குணம் அது. கருவி 80 காட்டினால் இனி எப்போதும் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் 40-க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். மிகவும் காய்ந்தால் பூச்சு வெடிக்கும்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். இடவப்பாதி மழையில் தென்மேற்குச் சுவர் உள்வரை ஊறும். அந்தச் சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். உள்சுவர் பக்கம், சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அயினி, பலா, தேக்கு எந்த மரப்பெட்டியானாலும் மரம் மெல்ல அமிலத்தை விடும். அழகான மரப்பெட்டி இருந்தால் உள்ளே அமிலமற்ற தாள் விரித்து, கட்டை உறையில் போட்டு வையுங்கள்.

ரப்பர் பேண்ட் ஆகவே ஆகாது. ரப்பர் நம் ஊர் விளைச்சல்தான், இருந்தாலும் ஒரே கோடையில் அது இளகி ஓரச் சீட்டில் பழுப்புக் கோடாக ஒட்டிக்கொள்ளும். 25 மி.மீ. அகலத் தாள் பட்டை ஒன்றைச் சுற்றி, பட்டையின் நுனியைப் பட்டையிலேயே ஒட்டினால் போதும். பிவிசி உறையும் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுக்கு கசியும். பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது.

ராமபாணப் பூச்சியும் பாச்சாவும் தாளைவிடப் பசையை விரும்பி வரும், அதனால் பெட்டியின் மடிப்புகளைத்தான் முதலில் அரிக்கும். பாச்சா உருண்டையைப் பெட்டிக்குள் போட்டால் அந்த நெடி தாளில் ஏறி ஆண்டுக்கணக்கில் போகாது, சில பிளாஸ்டிக்கையும் அது இளக்கும். வசம்புத் துண்டுகளைத் துணியில் கட்டிப் பெட்டிக்கு வெளியே, அலமாரியில் வையுங்கள். வேப்பெண்ணெய், புல்தைலம், கிராம்புத் தைலம் எதையும் சீட்டுப் பக்கம் கொண்டுவர வேண்டாம், கறை விழும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அலமாரியைச் சாத்திவிடுங்கள். புகைக்கரி வெள்ளை ஓரத்தில் படியும்.

கெட்டுப்போனால்

வளைந்த கட்டை இஸ்திரி போடாதீர்கள், பூச்சு கொப்பளிக்கும். முதலில் நான்கு நாள் ஜெல் பெட்டியில் வைத்து ஈரத்தை இறக்குங்கள். பிறகு சமமான இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே 2 முதல் 3 கிலோ பாரம், ஒரு வாரம். ஈரம் இறங்காமல் பாரம் வைத்தால் எடுத்ததும் திரும்ப வளையும்.

பூஞ்சை கண்ட கட்டை உடனே ஜிப் பையில் போட்டுப் பிரித்து வையுங்கள், மற்றதுக்கும் தொற்றும். நிழலில் காயவிட்டு, வெளுப்பு முழுக்க உலர்ந்து பொடியான பிறகு, முகக்கவசம் கட்டிக்கொண்டு வெளித்திண்ணையில் வைத்து மென்மையான தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து ஏறிவிடும். வெயிலில் போட்டால் பூஞ்சையோடு நிறமும் போகும். பளபளப் பூச்சுச் சீட்டு ஒட்டிக்கொண்டால் பிய்க்க வேண்டாம். ஜெல் பெட்டியில் சில நாள் கிடந்தால் பெரும்பாலும் தானே விடும்.

சுவரில் மாட்ட

ஒன்பது சீட்டை மூன்றுக்கு மூன்றாக, இடையில் 15 மி.மீ. விட்டு அடுக்கினால் 240-க்கு 390 மி.மீ. வரும். சுற்றி 30 மி.மீ. ஓரம் விட்டால் 300-க்கு 450, கடையில் கிடைக்கும் 12-க்கு 18 அங்குலச் சட்டத்தில் சரியாக உட்காரும். சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் கடையிலேயே செய்யலாம். ஆனால் நான்கு விஷயத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்: சீட்டைப் பசை போட்டு ஒட்டக் கூடாது, புகைப்பட ஆல்பத்து மூலை உறையில்தான் செருக வேண்டும், கண்ணாடி சீட்டில் முட்டாமல் இடையில் அட்டைச் சட்டம் வேண்டும், பின்பக்கம் மைதாப் பசை கூடாது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டை மாற்றுங்கள். ஒரே காட்சியை, உதாரணமாகத் துறவியை, ஒன்பது கட்டிலிருந்து எடுத்து ஒரே சட்டத்தில் வைத்தால் ஒன்பது ஓவியர்களின் கையும் அடுத்தடுத்துத் தெரியும். அளவு வேறுபடும் என்பதால் அதற்குக் கொஞ்சம் பெரிய சட்டம் வேண்டும்.

குறிப்பேடு

ஒரு நோட்டில் கட்டுக்கு ஒரு பக்கம்: ஓவியர், கட்டின் பெயர், பதிப்பாளர், ஆண்டு, அளவு, எடை, பூச்சு, விலை, வரி, குறை. ஓவியர் பெயரை முதலில் எழுதுங்கள். 1909 கட்டைப் பதிப்பாளர் ரைடர், எழுத்தாளர் வெயிட் இருவர் பெயரால்தான் உலகம் வெகுகாலம் அழைத்தது. அத்தனை படத்தையும் வரைந்தவர் பெயர் விடுபட்டுப் போனது. பெரிய வேலை, காசு மிகக் குறைவு என்று அவரே அந்த ஆண்டு ஒரு கடிதத்தில் எழுதினார். சீட்டின் மேலோ பெட்டியின் மேலோ எதுவும் எழுதாமல், தனித் துண்டுத்தாளில் பென்சிலால் எண் எழுதி உறைக்குள் வையுங்கள்.

பக்கத்திலேயே ஒரு சொத்து

டாரோவில் கண் பழகியவர்கள் கஞ்சிஃபாவையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு வட்டச் சீட்டு அது. முகலாய வகையில் 96 சீட்டு, எட்டு இனம். தசாவதார வகையில் 120 சீட்டு, பத்து அவதாரத்துக்குப் பன்னிரண்டு வீதம். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இதில் புதுப்புது ஆட்டங்களே வகுத்தார். மைசூரிலும், ஒடிசாவின் ரகுராஜ்பூரிலும், மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியிலும் இன்றும் கையால் தீட்டுகிறார்கள். ரகுராஜ்பூரில் பழந்துணியை அடுக்கிப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, அதன்மேல் வரைந்து அரக்குப் பூச்சு கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் தனி ஓவியம் என்பதால் முழுக் கட்டு விலை ஏறும். ஒரு இனத்துப் பன்னிரண்டு சீட்டை மட்டும் செய்து தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். இதை டாரோவோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். புளியங்கொட்டைப் பசைக்குப் பூச்சி வரும், ரொம்பக் காய்ந்தால் வண்ணம் வெடிக்கும். தனிப்பெட்டி, பாதி அளவு ஜெல், ஈரமானி 50-க்கும் 55-க்கும் இடையில் நிற்கட்டும்.